சேறும் நேரமும்

மழைக்காலத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தாய், "சேற்றில் இறங்காதே" என்று சொல்லியே அனுப்புகிறாள். வெள்ளை வேட்டி உடுத்தியவர் ஒதுங்கி நடக்கிறார். வண்டிக்காரர் மேட்டு நிலம் பார்த்து மாடுகளைத் திருப்புகிறார். உழவர் ஒருவரே சேற்றை விரும்பி இறங்குபவர். அது அவருக்குச் சோறு தரும் நிலம். இவ்வாறிருக்க, பிழைப்பும் பரிசுப் பணமும் கருதாமல், தம் கைப்பொருளைச் செலவிட்டு, மோட்டார் சைக்கிளோடு சேற்றில் இறங்குவோர் உலகில் ஆயிரக்கணக்கில் உண்டு என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். அவர்களது விளையாட்டின் பெயர் ‘எண்டியூரோ’ என்பது. தாங்கி நிற்றல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

மோட்டார் சைக்கிள் என்றதும் மகிழ்கின்ற மனம் எனக்கு இல்லை. கடந்த சில ஆண்டுகளில், சாலை விபத்தில் உயிரிழந்த மூன்று இளைஞர்களை நான் அடக்கம் செய்திருக்கிறேன். மூவரும் இருபத்தைந்து வயதைத் தாண்டாதவர்கள். மூவருடைய தாய்மாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அவ்வளவு அவசரமாக எங்கே போனான் சாமி?" அதற்கு என்னிடம் விடை இல்லை. ஆகவே, எங்கள் இளைஞர் மன்றத்துப் பையன் ஒருவன் தன் கைப்பேசியில், சேற்றில் வண்டிகள் புரளும் காட்சியைக் காட்டியபோது எனக்குச் சினமே எழுந்தது. "இன்னும் போதாதா?" என்றேன். அவன் அமைதியாக, "சாமி, இதில் முந்திப் போனால் தண்டனை உண்டு" என்றான். அந்த ஒரு சொல் என்னை நிறுத்தியது. அதன் பிறகு இவ்விளையாட்டைப் பற்றித் தேடிப் படித்தேன். நான் அறிந்தவற்றை, வளர்ந்த பிள்ளைகளை உடைய பெற்றோர்க்குப் பயன்படும் என்று கருதி, இங்கே எழுதுகிறேன்.

மோட்டார் சைக்கிள் போட்டி என்றால் எல்லாரும் ஒரே கோட்டில் நின்று, ஒரே நேரத்தில் பாய்ந்து, முதலில் வருபவர் வெல்வார் என்றே நாம் எண்ணுகிறோம். எண்டியூரோவின் பழைய நெறி வேறு. அதில் ஒரு நிமிடத்திற்குச் சிலராகப் புறப்படுகின்றனர். காடு, மேடு, ஓடை, வயல் எனப் பல கிலோமீட்டர் நீளும் வழியில் நேரச் சாவடிகள் உள்ளன. ஒவ்வொரு சாவடிக்கும் இன்னார் இத்தனை மணிக்கு, இத்தனை நிமிடத்திற்கு வரவேண்டும் என்று முன்னரே குறித்து அட்டையில் எழுதித் தரப்படுகிறது. பிந்தி வந்தால் தண்டனை. முந்தி வந்தாலும் தண்டனை. அமெரிக்காவின் பழைய கணக்கு முறையிலோ, பிந்தியவரைக் காட்டிலும் முந்தியவருக்கே தண்டனைப் புள்ளி அதிகம். ஆகவே விரைந்து வந்துவிட்டவர், சாவடிக்கு எட்டத்தில் வண்டியை நிறுத்தி, தம் நிமிடம் வரும்வரை காத்து நிற்பார். ஒரு மணி நேரத்திற்கு மேல் பிந்தியவர் நீக்கப்படுவார்.

வேகத்தை அளப்பதும் உண்டு. ஆனால் அதற்கென நாடா கட்டி ஒதுக்கிய காட்டுப் பகுதியிலும் வயற்பகுதியிலும் மட்டுமே அது நடைபெறும். பொதுச் சாலை வழியாகச் செல்ல நேரும் இடங்களில் வண்டிக்குப் பதிவு எண் வேண்டும். அந்நாட்டுப் போக்குவரத்துச் சட்டத்திற்குப் பணிந்தே ஓட்ட வேண்டும். வேகத்திற்கு ஓரிடம், அடக்கத்திற்கு ஓரிடம் என்று வகுத்து வைத்திருக்கும் இந்த ஒழுங்கு என் உள்ளத்தைத் தொட்டது. நம் பிள்ளைகள் பலர் மாண்டது, வேகத்திற்குரிய இடமல்லாத இடத்தில் வேகம் காட்டியதால் அன்றோ!

இவ்வகைப் போட்டிகளுள் மிகப் பழையது, 1913ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் தொடங்கிய அனைத்துலக ஆறு நாள் பந்தயம். உலகப் போர்களாலும் பிற காரணங்களாலும் சில ஆண்டுகள் தடைப்பட்டதே தவிர, நாடு மாறி நாடாக அது தொடர்ந்து வருகிறது. 1981 முதல் அதன் பெயரிலேயே எண்டியூரோ என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. ஆறு நாளில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். இதிலே ஒரு கண்டிப்பான விதி உண்டு: வழியில் வண்டி பழுதானால் ஓட்டுபவரே பழுது நீக்க வேண்டும், மெக்கானிக் தொடக் கூடாது. மாலையில் வண்டியை வேலியிட்ட முற்றத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். இரவில் உரியவரும் அதனை நெருங்க முடியாது. களைத்து வந்தவர், ஒப்படைக்கும் முன் கிடைக்கும் சில நிமிடங்களுக்குள், மண்டியிட்டுத் தாமே டயர் மாற்றுவதைக் காணலாம். காலையில் தம் முறை வந்ததும் ஒரு நிமிடத்திற்குள் எஞ்சினை இயக்கியாக வேண்டும். முந்திய நாள் சேற்றில் மூழ்கிய வண்டி காலையில் உயிர்பெறுமா என்பது, முந்திய நாள் அவர் அதனை எவ்வாறு நடத்தினார் என்பதைப் பொறுத்தது.

சேற்றில் வண்டி ஓட்டுவது எத்தகையது என்பதை நானும் சிறிது அறிவேன். இளமையில் நான் பணியாற்றிய ஊர் கரிசல் நிலத்தில் இருந்தது. ஐப்பசி மழையில் சிற்றூர்களுக்கு மோட்டார் சைக்கிளில் செல்ல வேண்டும். கரிசல் மண் டயரை விடாது. சிறிது தூரம் சென்றதும் சக்கரத்திற்கும் மட்கார்டுக்கும் இடையே மண் அடைத்து, சக்கரம் சுழல மறுக்கும். இறங்கிக் குச்சியால் குத்தி எடுப்பேன், மீண்டும் அடைக்கும். ஒருநாள் வரப்பில் நின்ற பெரியவர் ஒருவர், "சக்கரத்தைப் பார்க்காதீர்கள் சாமி, போய்ச் சேர வேண்டிய மேட்டைப் பாருங்கள்" என்றார். அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர் அல்லர், ஏர் ஓட்டியவர்.

எண்டியூரோ பழகுவோர்க்குக் கற்பிக்கப்படும் முதற்பாடமும் ஏறத்தாழ அதுவே. இருக்கையில் அமராமல் கால்மிதியில் எழுந்து நிற்க வேண்டும், கைகளை இறுக்கலாகாது. பார்வை முன்சக்கரத்தில் அன்றி, வண்டித்தடம் முடியும் இடத்தில் இருக்க வேண்டும். சேற்றுக்குள் புகும் முன்பே வழியைத் தேர்ந்து, கியரையும் வேகத்தையும் அமைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் திடீரென முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். சிக்கிக்கொண்டபின் எஞ்சினை முறுக்கினால் பின்சக்கரம் தன் குழியைத் தானே ஆழப்படுத்தும். அப்போது இறங்கி, வண்டியைச் சாய்த்துக் குழியிலிருந்து விடுவித்து, பக்கத்தில் நடந்தபடியே தள்ளிச் செல்வதே அறிவுடைமை. அவ்வண்டிகளின் மட்கார்டு சக்கரத்திலிருந்து மிக உயர்ந்து நிற்பதன் காரணமும் இப்போது எனக்கு விளங்குகிறது: மண் அடைக்காதிருக்கவே அந்த இடைவெளி.

சேறு பெரியவர் சிறியவர் பார்ப்பதில்லை. 1964ஆம் ஆண்டு கிழக்கு ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரில் நடந்த ஆறு நாள் பந்தயத்தில், புகழின் உச்சியில் இருந்த அமெரிக்கத் திரைப்பட நடிகர் ஸ்டீவ் மெக்வீன் தம் நாட்டு அணியில் ஒருவராக ஓட்டினார். முந்திய ஆண்டில் வெளிவந்த ‘தி கிரேட் எஸ்கேப்’ படத்தில், முள்வேலியைத் தாண்டும் புகழ்பெற்ற பாய்ச்சலை அவருக்குப் பதிலாகச் செய்தவர் பட் ஈகின்ஸ். அவரும் அதே அணியில் இருந்தார். இருவருமே விபத்துக்குள்ளாயினர், இருவராலும் பந்தயத்தை முடிக்க இயலவில்லை. அக்காலத்தில் 1963 முதல் 1967 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து அணிக்குரிய தலைமைக் கோப்பையைப் பெற்றவர்கள், எடை குறைந்த எம்.இசட். வண்டிகளில் வந்த கிழக்கு ஜெர்மானியர். 1965இல் மான் தீவில் மழையும் சேறும் சேர்ந்து நடந்த மிகக் கடுமையான பந்தயத்திலும் அவர்களே வென்றனர். சேற்றில் பளுவான வண்டிக்கு அதன் வலிமையே சுமையாகிவிடும். இதை உணர்ந்த அமெரிக்கரான ஜான் பென்டன், ஆஸ்திரியாவிலிருந்த கே.டி.எம். நிறுவனத்தைத் தூண்டி எளிய வண்டி ஒன்றைச் செய்வித்தார். 1968இல் அது விற்பனைக்கு வந்தது. இன்று நம் நகர வீதிகளில் இளைஞர் சீறிப் பாய்ந்து செல்லும் வண்டிகளில் காணும் பெயர் அதுவே. காட்டுச் சேற்றில் பொறுமையாகச் செல்வதற்கு உழைத்து அந்நிறுவனம் பெயர் பெற்றது என்பதை எத்தனை பேர் அறிவர்?

இவ்விளையாட்டில் என்னை மிகவும் கவர்ந்தது பதக்கம் வழங்கும் முறை. ஆறு நாள் பந்தயத்தில் பொற்பதக்கம் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. தம் பிரிவில் முதல்வராக வந்தவரின் நேரத்திலிருந்து பத்து விழுக்காட்டுக்குள் முடித்தவர் அனைவருக்கும் பொன் உண்டு. அடுத்த நிலையினர்க்கு வெள்ளி. எவ்வளவு பின்தங்கினும் விதிக்குட்பட்டு ஆறு நாளையும் முடித்த ஒவ்வொருவருக்கும் வெண்கலம். நாட்டு அணிகளோடு, மூன்று மூன்று பேராகச் சேர்ந்த மன்ற அணிகளும் கலந்துகொள்கின்றன. அவர்களிற் பலர் வாரம் முழுதும் தம் தொழிலைப் பார்த்து, விடுப்பெடுத்து வருபவர்கள். அவர்கள் வெண்கலம் பெற்று வீடு திரும்பினால் அது தோல்வி ஆகாது. பிள்ளையின் மதிப்பெண் தாளைக் கையில் வாங்கியதும், "முதல் இடம் யாருக்கு?" என்று கேட்கும் நாம் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

பெண்களும் இதில் பின்வாங்கியதில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடைபெற்ற ‘ஜாக் பைன்’ எண்டியூரோ பெயர்பெற்றது. வென்றவருக்கு மாட்டின் கழுத்தில் கட்டும் மணியே பரிசு. 1940இல் அப்போட்டியின் பக்கத்தொட்டி வண்டிப் பிரிவில் வென்றவர் டாட் ராபின்சன் என்னும் பெண்மணி. அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்தின் தேசியப் போட்டியில் வெற்றி பெற்ற முதற்பெண் அவரே.

இன்னொரு நிகழ்ச்சியும் சொல்லத் தக்கது. ஆஸ்திரியாவில் எர்ஸ்பெர்க் என்னும் இரும்புச் சுரங்க மலையில் 1995 முதல் ஒரு கடும் போட்டி நடைபெற்று வருகிறது. இது சாவடி நேரம் காக்கும் பந்தயமன்று. முந்துவோரே வெல்லும் பந்தயம். இறுதி நாளில் ஐந்நூறு பேர் புறப்படுவர்; நான்கு மணி நேரமே கெடு; முடிப்போர் மிகச் சிலர். 2015இல், காட்டுக்குள் இருந்த செங்குத்தான சரிவு ஒன்றில், முன்னணியில் வந்த நால்வர் சிக்கினர்: இங்கிலாந்தின் கிரஹாம் ஜார்விஸ், ஜானி வாக்கர், ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் லெட்டன்பிஹ்லர், ஸ்பெயினின் ஆல்ஃப்ரெடோ கோமஸ். தனித்து ஏற ஒருவராலும் இயலவில்லை. நால்வரும் ஒருவர் வண்டியை மற்றவர் இழுத்தும் தள்ளியும் மேலே கொண்டு சேர்த்தனர். எல்லையையும் சேர்ந்தே கடந்தனர். நால்வருமே வெற்றியாளர் என்று அறிவிக்கப்பட்டனர். அவர்கள் இவ்விளையாட்டையே தொழிலாகக் கொண்டவர்கள். முதலிடத்தின் மதிப்பை நன்கு அறிந்தவர்கள். அதனால்தான் அவர்கள் செய்தது பெரிதாகத் தோன்றுகிறது.

இதில் ஆபத்தே இல்லை என்று நான் கூறமாட்டேன். எலும்பு முறிகிறது, சில வேளை உயிரும் போகிறது. சேற்றில் ஓடும் சக்கரங்கள் காட்டுப் பாதையை உழுது கெடுக்கின்றன என்னும் குறை நியாயமானதே. நில உடைமையாளரின் இசைவும், கெட்ட பாதையைச் செப்பனிடும் பொறுப்பும் இல்லாத இடத்தில் இவ்விளையாட்டு நடைபெறக் கூடாது. நம் பிள்ளைகள் அனைவரும் இதில் இறங்க வேண்டும் என்பதும் என் கருத்தன்று.

ஆனால், இளைஞனின் உள்ளத்தில் எழும் துணிவை வெறும் "வேண்டாம்" என்னும் சொல்லால் அணைத்துவிட முடியாது. அத்துணிவுக்கு ஓர் இடமும், ஓர் ஒழுங்கும், ஓர் அளவும் வேண்டும். அவற்றைக் கொடுக்காத வீட்டிலிருந்து அது நெடுஞ்சாலைக்குப் போய்விடுகிறது. மகன் மோட்டார் சைக்கிள் கேட்கும்போது, அன்புள்ள பெற்றோரே, விலையை மட்டும் பேசாதீர்கள். பஞ்சரான டயரைத் தானே கழற்றி மாட்ட அவன் கற்கட்டும். செயினைத் துடைத்து எண்ணெய் இடவும், மழையில் நனைந்த வண்டியைக் கழுவித் துடைக்கவும் பழகட்டும். பிறகு அத்தை வீட்டுக்கு ஒரு செய்தியுடன் அனுப்பி, "பத்து மணிக்குப் போய்ச் சேர், ஒன்பதே முக்காலுக்கும் வேண்டாம், பத்தே காலுக்கும் வேண்டாம்" என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்தில் சென்று, சொன்ன நேரத்தில் திரும்பும் பிள்ளையிடம் வண்டிச் சாவியைத் துணிந்து கொடுக்கலாம்.