முள் என்ன சொல்கிறது?

உங்களிடம் கார் உண்டோ இல்லையோ, எனக்குத் தெரியாது. இருந்தால், எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் அதில் இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பல புதுக் கார்களில் அந்த முள்ளே கிடையாது. ஆபத்து என்றால் ஒரு சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். முள் உள்ள கார்களிலும் பலவற்றில் அது நடுவில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறது. சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அசையாதபடி அதைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். கார் வாங்கியவரின் மனம் சஞ்சலப்படக் கூடாதாம்!

நான் சொல்ல வந்தது உள்ளதை உள்ளபடி சொல்லும் ஒரு பழைய முள்ளைப் பற்றி. அதைக் கெடுத்த பாவி நான்தான்.

இங்கிலாந்தில், ரெடிங் நகரத்தில், எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது 84. மனைவி காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. அவர் வீட்டு ஷெட்டில் 1957-ஆம் வருஷத்து எம்.ஜி.ஏ. ஒன்று நிற்கிறது. இரண்டு பேர் உட்காரும் தாழ்வான திறந்த கார். வெளியிலே கதவுக்குக் கைப்பிடி கூடக் கிடையாது; உள்ளே கையை விட்டு ஒரு கயிற்றை இழுக்க வேண்டும். 1955 முதல் 1962 வரை ஆபிங்டன் என்ற சிற்றூரில் இந்த ஜாதிக் கார்கள் ஒரு லட்சத்துச் சொச்சம் செய்தார்கள். பெரும்பாலானவை கப்பலேறி வெளிநாடு போய்விட்டன. போகாமல் தங்கியவற்றில் ஒன்றை இவர் 1963-இல், தம் 22-வது வயதில், பழைய காராக வாங்கினார்.

இந்த நாட்டில் 70 வயதானால் டிரைவிங் லைசென்ஸை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அடுத்த மாதம் பெரியவருக்கு 85. "இந்தத் தடவை நான் புதுப்பிக்கப் போவதில்லை. சரியாக ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும்" என்றார். அதற்குள் ஒரே ஒரு முறை, கார் பிறந்த ஊரான ஆபிங்டனுக்குப் போய்வர ஆசை. சுமார் 25 மைல் தூரம்.

ரேடியேட்டரில் மட்டும் ஒழுக்கு இருந்தது. "நான் எதற்கு இருக்கிறேன்?" என்று மார்தட்டிக்கொண்டு கிளம்பினேன். கிளம்பியிருக்கக் கூடாது. ரேடியேட்டரைத் தூக்கும் அவசரத்தில் ஒரு மெல்லிய செப்புக் குழாய் ஸ்பானரில் மாட்டி இழுபட்டது. 'டிக்' என்று ஒரு சத்தம். மூக்கில் ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. டாஷ்போர்டில் சூட்டு முள் அடியில் போய்ப் படுத்துவிட்டது.

அந்த வாசனைதான் ஈதர். இந்த மீட்டருக்கு மின்சாரமே வேண்டாம். எஞ்சினின் வெந்நீருக்குள் ஒரு பித்தளைக் குமிழ் முழுகியிருக்கும். குமிழுக்குள் கொஞ்சம் ஈதர். நீர் சூடேறினால் ஈதர் ஆவியாகி அழுத்தும். அந்த அழுத்தம், தலைமயிர் நுழையும் அளவு துவாரமுள்ள செப்புக் குழாய் வழியே டாஷ்போர்டு வரை வரும். அங்கே வளைந்த தட்டைக் குழாய் ஒன்று இருக்கிறது. திருவிழாவில் குழந்தைகள் ஊதும் சுருள் ஊதலைப் பார்த்திருக்கிறீர்களே, ஊதினால் விறைத்துக்கொண்டு நீளுமே, அதே தந்திரந்தான். தட்டைக் குழாய் நிமிரும், முள் நகரும். பாரிஸ் நகரத்து பூர்டான் என்பவர் 1849-இல் பேடண்ட் வாங்கிய யுக்தி இது.

குழாய் முறிந்தால் ஈதர் ஓடிவிடும். பிறகு எஞ்சின் கொதித்துத் தலை வெடித்தாலும், 'சில்லென்று இருக்கிறது, போங்கள்' என்றே முள் சொல்லும்.

பெரியவர் என்னைத் திட்டவில்லை. "போகட்டும், பழைய சாமான்தானே" என்றார். ஷெட் கதவைச் சாத்தினார். அந்தச் சூட்டு முள் இல்லாமல் அவர் காரை வெளியே எடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்று இரவு நான் தூங்கியிருப்பேன்.

இதைப் பழுது பார்க்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். விசாரித்ததில், திரும்பி வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். எங்களுக்கு இருந்தது மூன்று வாரம். ஆனால் வீட்டிலேயே செய்யக்கூடிய பழைய வழி ஒன்று உண்டு. மலிவான புது மீட்டர் ஒன்றை வாங்கி, அதன் குமிழையும் குழாயையும் வெட்டியெடுத்துப் பழைய மீட்டரோடு ஒட்டுப் போடுவது. மாஞ்செடி ஒட்டுக் கட்டுகிற மாதிரி!

வெட்டும்போது புதுக் குமிழில் இருக்கும் ஈதர் ஓடிவிடக் கூடாது. அது கொதிப்பதற்குச் சுமார் 35 டிகிரி சென்டிகிரேடு போதும். நம் ஊர்க் கத்திரி வெயிலே தாராளம். ஆகவே குமிழை ஐஸும் உப்பும் கலந்த பாத்திரத்தில் அமுக்கி வைக்க வேண்டும். உப்புக் கலந்த ஐஸ் பூஜ்யத்துக்கும் வெகு கீழே இறங்கும். ஈதர் முழுவதும் குளிர்ந்து, பெட்டிப் பாம்பாகக் குமிழுக்குள் அடங்கிவிடும்.

சமையலறையில் கடை விரித்தேன். என் சகதர்மிணி எட்டிப் பார்த்தாள்.

"ஐஸ், கல்லுப்பு... ஐஸ்கிரீமா?"

"மருந்து வாசனை ஐஸ்கிரீம்" என்றேன்.

"நெருப்புப் பிடிக்கிற சமாசாரமா?"

"பக்கென்று பிடிக்கும்."

அவள் ஒன்றும் பேசாமல் காஸ் அடுப்பை அணைத்தாள். ஜன்னல்களையெல்லாம் திறந்தாள். மாவுப் பாத்திரத்தை மட்டும் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். புருஷனைவிட இட்லி மாவு முக்கியம்!

பழைய மீட்டரின் முகத்து வளையம் 60 வருஷத்துக்கு மேலாகத் திறக்காதது. உள்ளே ரப்பர் கல்லாகியிருந்தது. எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, இரண்டு கட்டை விரலாலும் மெல்லத் திருகியபின் கழன்றது. குழாயைக் கத்தரித்தால் துவாரம் நசுங்கிவிடும். அரத்தால் சுற்றிலும் ஒரு கீறல் போட்டு ஒடித்தேன். இரண்டு முனைகளையும் ஒரு சின்னப் பித்தளை உறைக்குள் செருகி, ஈயப் பற்று வைத்தேன். கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக அமைந்தது. பிரமாதம் என்று நினைத்துக்கொண்டு குமிழை வெந்நீரில் வைத்தேன். முள் அசையவில்லை. ஈயம் உள்ளே வழிந்து துவாரத்தை அடைத்துவிட்டது!

மறுபடி ஒரு மீட்டர் வாங்க வேண்டியதாயிற்று. இரண்டாம் தடவை உறையை நீளமாக வைத்தேன். பற்றை உறையின் இரு ஓரங்களில் மட்டும், தொட்டும் தொடாததுமாகக் கொடுத்தேன். அழகாக இல்லை, மூக்குச் சளி மாதிரி இருந்தது. ஆனால் வெந்நீரில் வைத்ததும் முள் தலையைத் தூக்கியது. என்னையறியாமல் ஒரு சத்தம் போட்டிருக்கிறேன். சகதர்மிணி ஓடி வந்தாள், தீயணைக்கும் கம்பளியோடு.

நீர் கொதிப்பது 212 டிகிரி பாரன்ஹீட்டில். முள் கொஞ்சம் தாழ்வாகக் காட்டியது. அதைக் கழற்றிச் சரியான இடத்தில் செருகினேன்.

லைசென்ஸ் முடிய ஐந்து நாள் இருக்கையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை புறப்பட்டோம். பெரியவர் ஓட்டினார், நான் பக்கத்தில். பாதி வழியில் ரோட்டு வேலை. கார்கள் எறும்பு வரிசையாக நின்றுவிட்டன.

"முள் என்ன சொல்கிறது?" என்று கேட்டார்.

முள் அவர் கண்ணுக்கு நேரே இருந்தது. விழித்தேன்.

"தூரத்தில் இருப்பதெல்லாம் தெரியும். இந்தச் சின்ன எழுத்துத்தான் பத்து வருஷமாகத் தெரிவதில்லை. அவள்தான் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்."

"நூற்றுத் தொண்ணூறு" என்றேன்.

"சரி."

ஒரு நிமிஷம் கழித்து, "இப்போது?"

"இருநூறு."

"பயமில்லை" என்றார். வரிசை நகர்ந்தது. ஆபிங்டன் வரும்வரை அவர் கேட்டுக்கொண்டே வந்தார், நான் படித்துக்கொண்டே வந்தேன்.

1980-இல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பழைய வாசல் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் எம்.ஜி. கார் சங்கத்தின் ஆபீஸ் மட்டும் இருக்கிறது. அங்கே நிறுத்திச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஓய்ந்தது. எஞ்சின் ஓட்டத்தை நம்பிய மற்ற முட்கள் படுத்துவிட்டன. இது மட்டும் படுக்கவில்லை. நீரோட்டம் நின்றுவிட்டதால் சூடு தேங்கி, முள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

இறங்குவார் என்று பார்த்தேன். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இப்போது?"

"இருநூற்றுப் பத்து."

"இன்னும் ஏறும். பிறகு இறங்கும். அவசரமில்லை, படியுங்கள்" என்றார்.