பதிமூணு ஓம்

சித்ரா பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு, திருவண்ணாமலை செங்கம் சாலையில், கிரிவலப் பாதை பிரியும் இடத்தைத் தாண்டியுள்ள ஒரு பட்டறையில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை வழியாக வரும் கார்களுக்கு ஊர் நுழையுமுன் கண்ணில் படுகிற பட்டறை அது.

அன்று அங்கே நின்றது ஓர் ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. மூன்றாவது கியரை விட்டு நகர மாட்டேன் என்றது. நின்று கிளம்பினால் பாரவண்டி மாடு மேடேறுவதுபோல் திணறியது. வழியில் ஒரு கடையில் கியர் பாக்ஸையே மாற்றச் சொல்லிவிட்டார்களாம். வண்டியில் வந்த பெரியவர் முகம் வாடிப் போயிருந்தது.

மேஸ்திரி ஸ்பேனரைத் தொடவில்லை. ஆயிலைத் தொட்டு முகர்ந்தார். நிறம் சிவப்பாகவே இருந்தது, கருகல் வாடை இல்லை. பிறகு ஸ்கேனரைச் செருகினார். பி0758 என்று வந்தது.

"பி சோலினாய்டு எலக்ட்ரிகல்னுதான் போட்டிருக்கு சார். சோலினாய்டு போச்சுன்னு போடல."

இந்த ஒரு வேறுபாட்டில்தான் அந்தப் பெரியவரின் பணம் தொங்கிக்கொண்டிருந்தது. சோலினாய்டு என்பது செம்புக் கம்பி சுற்றிய சிறு உருளை. மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகி உள்ளிருக்கும் இரும்புத் தண்டை இழுக்கும்; ஆயில் போகும் வழி திறக்கும் அல்லது அடைபடும். அந்த ஆயிலின் அழுத்தம்தான் கியரை மாற்றுகிறது. மின்சாரம் போய்ச் சேருகிறதா என்று கணினி பார்த்துக்கொண்டே இருக்கும். சேரவில்லை என்றால் மற்ற ஷிஃப்ட் சோலினாய்டுகளுக்கும் நிறுத்திவிடும். மின்சாரமே இல்லாதபோது ஆயில் தானாகப் பிடிக்கிற கியர், இந்த வண்டியில் மூன்றாவது. நடுவழியில் நிற்காமல் வீடு சேர்ப்பதற்கான ஏற்பாடு அது. பார்ப்பவருக்கு கியர் பாக்ஸ் உடைந்ததுபோலத் தோன்றும்.

கியர் பாக்ஸின் வெளிப்பக்கக் கனெக்டரைக் கழற்றி, மீட்டரின் ஒரு முனையைப் பின்னிலும் மறுமுனையைப் பாடி எர்த்திலும் வைத்தான் உதவிக்கு இருந்த பையன்.

"பதிமூணு ஓம்ணா."

மேஸ்திரி அட்டை கிழிந்த ஒரு நோட்டைப் புரட்டினார். நன்றாக ஓடிய வண்டிகளில் எடுத்த அளவுகளை வண்டிவாரியாக எழுதி வைத்திருக்கிறார். இதே மாதிரி வண்டிக்கு அதிலும் பதிமூன்றுதான். காயில் அறுந்திருந்தால் மீட்டர் எதையும் காட்டாது. ஷார்ட் ஆகியிருந்தால் சைபரை ஒட்டி நிற்கும்.

ஆனால் கோளாறு ஓடும்போதுதான் வருகிறது. சூட்டில் காயில் விட்டுவிடுகிறதோ என்ற சந்தேகம் அவருக்கு. கனெக்டரை மாட்டி, செங்கம் பக்கம் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி அளந்தார். பதினைந்தரை. எனக்குத் திக்கென்றது. "செம்பு சூடானா ஏறத்தான் செய்யும். ஏறலேன்னாத்தான் பயப்படணும்" என்றார். காயில் தப்பியது.

மிச்சம், கணினியிலிருந்து சோலினாய்டுக்கு வரும் வயர். அதன் இரு முனைகளையும் கழற்றி, வயர் அறாமலிருந்தால் கத்தும்படி மீட்டரை பீப்பில் வைத்தார்கள். சத்தம் சீராக வந்தது. நான் அங்கேயே தோற்றிருப்பேன். மேஸ்திரி பையனைப் பார்த்து, "கடப்பாரை கொடுத்து எஞ்சினை லேசா நெம்பு" என்றார். நெம்பினான். பீப் நின்றது. விட்டான், மறுபடி கத்தியது.

எஞ்சின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் எஞ்சின் அளவுக்கு மீறிச் சாய்ந்து, பேட்டரித் தட்டுக்குப் பக்கத்தில் கிளிப் போட்ட இடத்தில் வயரை இழுத்திருக்கிறது. மேலுறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு மட்டும் அறுந்திருந்தது.

புது வயரை ஒட்டாகச் சேர்த்து, சால்டர் வைத்து, ஸ்லீவ் சுருக்க இருபது நிமிடம். தேடியது ஐந்து மணி நேரம். புதுப் பொருள் மாட்டினால் கேட்ட காசைக் கொடுக்கிறோம். தேடியதற்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறோம். கழற்றாமலே கண்டுபிடிப்பவருக்குத்தான் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். அன்று மேஸ்திரி கேட்ட தொகை மிகக் குறைவு. பெரியவர் அதற்கு மேலேயே கொடுத்தார்.

"ஐயா, மவுண்டிங்கை ஊருக்குப் போனதும் மாத்திடுங்க. இல்லேன்னா இதே வயர் திரும்ப அறும்."

வண்டி முதல் கியரில் துள்ளிக் கிளம்பியது. பையன் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தான். 'குளிர்ச்சியில் 13, சூட்டில் 15.5' என்று எழுதி, கீழே இன்னொரு வரி சேர்த்தான்: 'நெம்பிப் பார்க்கவும்.'