கரையிலிருந்து நாலே எட்டு

பால்மரக் காட்டில் பிறந்து வளர்ந்த நமக்கும் கடலுக்கும் என்ன உறவு? நீங்களே சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை தோட்டத்து லாரியில் ஏறி மோரிப்புக்கோ போர்ட்டிக்சனுக்கோ போவோம். கணுக்கால் நனைய நிற்போம். புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, மணலை உதறிக்கொண்டு லாரி ஏறுவோம். அவ்வளவுதான்!

எங்கள் வீட்டில் அதற்கும் தடை. பக்கத்து லயத்துப் பையன் ஒருவன் ஈயக்குட்டையில் மூழ்கிப் போன நாளிலிருந்து, "தண்ணிப் பக்கம் போனா காலை ஒடிச்சிடுவேன்" என்பதுதான் அம்மாவின் சட்டம். ஐம்பது வயது தாண்டியும் எனக்கு நீந்தத் தெரியாது.

இப்படிப்பட்ட என்னைத்தான் மச்சான் பெர்ஹெந்தியான் தீவுக்கு இழுத்துப் போனார். துணைக்கு அம்மாவும் வந்தார்கள். என்னைக் காவல் காக்க என்று சொன்னாலும் தப்பில்லை.

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில். பிரிக்பீல்ட்ஸ் பக்கத்திலுள்ள கேஎல் சென்ட்ரலில் இறங்கி வேறு ரயிலில் பண்டார் தாசேக் செலாத்தான் போனால், அங்கேயே பெரிய பேருந்து நிலையம். இரவு ஏறிக் கண்ணயர்ந்தால் விடியும்போது திரெங்கானு மாநிலத்துக் கோலா பெசுட். சுடச்சுட நாசி டாகாங் சாப்பிட்டுவிட்டுப் படகில் ஏறினோம். அரை மணி, முக்கால் மணிப் பயணம். படகு குதித்த குதியில் அம்மா முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்கள்.

இறங்கியதும் அதிசயித்தேன். நம் கிள்ளான் கடல் மண்டிக் காப்பி நிறம். ஆறுகள் கொண்டுவரும் சேறும் சதுப்பு நிலமும் அப்படி. இங்கேயோ இடுப்பளவு நீரில் நின்றால் கால் விரலை எண்ணலாம். பவளத்துக்கு வெயில் வேண்டும், தெளிந்த நீர் வேண்டும். அதனால்தான் அது இங்கே செழிக்கிறது. கரீபியக் கடலில் பொனேர் என்றொரு தீவு. அங்கே சாலையோரம் மஞ்சள் பூசிய கற்களில் இடத்தின் பெயரை எழுதி வைத்திருப்பார்கள். வண்டியை நிறுத்திக் கரையிலிருந்தே கடலுக்குள் இறங்கி முக்குளிக்கலாமாம். பெரிய பெர்ஹெந்தியானின் தெலுக் பாவ் கரையும் அந்த ஜாதிதான். படகே வேண்டாம்.

மச்சான் வாத்தியார் ஆனார். முகக் கண்ணாடியை வார் மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழு. விழாமல் ஒட்டிக்கொண்டால் அளவு சரி. உள்ளே எச்சில் தடவிக் கழுவினால் பனி பிடிக்காது. மிதவைச் சட்டை கட்டாயம். "வாயால மட்டும் மூச்சு விடுங்க மச்சான், மூக்கை மறந்துடுங்க!" முத்துக்குளிக்கப் போகிறவனின் கயிற்றை மைத்துனன்தான் பிடிப்பான் என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்வார்கள். தங்கை தாலி தன் கையில் என்ற பயத்தில் விடமாட்டானாம். என் மச்சானுக்கும் அக்காள் ஒருத்திதான். தைரியமாக இறங்கினேன்.

கரையிலிருந்து நாலே எட்டு வைத்து, தலையைக் கவிழ்த்தேன். அடடா! மான்கொம்புபோல் பவளக் கிளைகள். கிளிமீன்கள் பவளத்தைக் கடிக்கும் 'கறுக் கறுக்' சத்தம் காதில் கேட்டது. சற்றுத் தள்ளிக் கடற்புல் மேய்ந்துகொண்டிருந்தது ஒரு பச்சை ஆமை, நம் தோட்டத்து மாடுபோல நிதானமாக. தொடக் கை போனது. மச்சான் தட்டிவிட்டார். தொடக்கூடாது, துரத்தக்கூடாது. பவளத்தில் நிற்கவும் கூடாது. அது கல்லல்ல, உயிர். பாறைபோல் திரளும் வகை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. 1994 முதல் இந்தத் தீவைச் சுற்றி இரண்டு கடல் மைல் வரை கடல் பூங்கா. மீன் பிடித்தால் குற்றம். ஆனால் கடல் சூடானால் சட்டம் என்ன செய்யும்? 2010-ல் பவளம் வெளுத்துப்போய், நம் நாட்டில் சில முக்குளிப்பு இடங்களைக் கொஞ்ச காலம் மூடவே வேண்டியதாயிற்று.

முதுகில் காற்றுப் புட்டி கட்டி ஆழம் போக ஆசைப்படுகிறவர்கள் முறையாகப் பயிற்சி எடுங்கள். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. மேலே வரும்போது மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியும். விளையாட்டல்ல.

இன்னொன்று. தீபாவளி, தைப்பூச விடுமுறையை நம்பித் திட்டம் போடாதீர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவமழை. அங்கே விடுதிகள் மூடிக் கிடக்கும்.

மாலையில் அம்மா மெல்லச் சேலையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் நீருக்கு வந்தார்கள். "என்னத்தடா அப்படிப் பார்க்கிற?" கண்ணாடியை முகத்தில் வைத்துப் பிடித்தேன். குனிந்தார்கள். எழுந்தார்கள். மறுபடி குனிந்தார்கள்.

1952-ல் ஏழு வயதில், நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில், மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள் அம்மா. அதன்பின் கடலைத் தொட்டதேயில்லை. நிமிர்ந்து, முகத்து நீரை முந்தானையால் துடைத்துக்கொண்டு கேட்டார்கள்:

"ஏன்டா தம்பி, அன்னிக்குக் கப்பலுக்குக் கீழேயும் இதெல்லாம் இருந்திருக்குமா?"