ஒரு மில்லி பால்

தென்னை கழிக்கிற நாள் அணில்பிள்ளைக்குக் கண்டம். பாளைக்கும் மட்டைக்கும் நடுவே, பன்னாடையைக் கிழித்து நாராக்கி, கிடைத்த கந்தலையும் நூலையும் சேர்த்துத் தாய் அணில் கூடு கட்டியிருக்கும். அரிவாள் பட்டால் கூட்டோடு கீழே வந்துவிடும். பரங்கிப்பேட்டை, கிள்ளை, புவனகிரிப் பக்கம் மரமேறுகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. கூரைவீட்டில் பழைய கீற்றைப் பிரிக்கும்போதும் இதே கதைதான். மிச்சத்தை ஐப்பசி, கார்த்திகைக் காற்று பார்த்துக்கொள்ளும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையைக் கடந்தபோது சாய்ந்த முந்திரிக்கும் பலாவுக்கும் கணக்கெடுத்தார்கள். கூடுகளை யார் எண்ணுவது?

விழுந்தவற்றில் உயிரோடு மிஞ்சியவை சில, சில வீடுகளுக்குப் போய்ச் சேர்கின்றன. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அப்படி ஒரு வீடு. அங்கிருக்கும் அக்காவுக்குத் தையல் வேலை. "பேரைப் போட்டுடாதீங்க தம்பி, ஊரே அட்டைப்பெட்டியோட வந்து நிக்கும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

நான் போயிருந்தபோது பள்ளிச் சீருடையில் ஒரு பையன் வந்தான். டிபன் டப்பாவில் கைக்குட்டை, அதன்மேல் இன்னும் கண் திறக்காத குட்டி ஒன்று. முதுகில் ரோமம் அப்போதுதான் பூசினாற்போல் வந்திருந்தது. மூன்று கோடும் தெரிந்தது. அணிலுக்கு மூன்று வாரம் போல ஆனால்தான் கண் திறக்கும். "பால் குடுத்தியா?" என்றார் அக்கா. பையன் பெருமையாகத் தலையாட்டினான். பசும்பால், சர்க்கரை போட்டு, இங்க் ஃபில்லரில்.

அவர் திட்டவில்லை. குட்டியை எடுத்து வயிற்றை விரல்நுனியால் தட்டிப் பார்த்தார். பொருமியிருந்தது. தோள்பட்டைத் தோலை லேசாகக் கிள்ளி விட்டார். தோல் உடனே படியாமல் கொஞ்ச நேரம் நின்றது. உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்று அர்த்தம். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஜில்லுன்னு கெடக்கு. இப்ப பால் குடுத்தா செரிக்காது, வயித்துலயே கெட்டுப்போவும். மொதல்ல சூட்டைத் தேடணும்" என்றார்.

சூடு என்றால் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில். பெட்டியில் ஒரு பக்கம் மட்டும் வைக்கிறார். மறுபக்கம் குட்டி நகர்ந்துபோக இடம். மாட்டுத் தொழுவத்தில் எரிந்த பழைய குண்டு பல்பு ஒன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறார். எல்இடி வந்த பிறகு வெளிச்சம் இருக்கிறது, சூடு இல்லை என்பது அவருடைய குறை.

குட்டியின் உடம்பு கதகதப்பாகி அது நெளிய ஆரம்பித்த பிறகுதான் சிரிஞ்ச் வெளியே வந்தது. அப்போதும் பால் இல்லை, ஓஆர்எஸ் தண்ணீர்தான். 1971இல் வங்காள எல்லையில் பனகாவ் அகதி முகாமில் காலராவுக்கு டாக்டர் திலீப் மஹலனாபிஸ் அண்டா அண்டாவாகக் கரைத்துக் கொடுத்த அதே உப்புச் சர்க்கரைக் கரைசல், இங்கே சொட்டுச் சொட்டாக இறங்கியது. பொருமலுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை வயிற்றில் வைத்து, கீழ்நோக்கி மெதுவாக நீவினார். அடிவயிற்றுக்குக் கீழே ஈரப் பஞ்சால் தடவத் தடவ ஒரு துளி மூத்திரம் வந்தது, அடர் மஞ்சள். இந்த வயதுக் குட்டிக்குத் தானாகப் போகத் தெரியாது. தாய் நக்கிவிட்டால்தான் போகும். பால் கொடுக்கத் தெரிந்த பலருக்கு இது தெரிவதில்லை. வயிறு நிறைந்தே சாகும் குட்டிகள் உண்டு.

நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பதுபோன்ற சின்னத் தராசு ஒன்று தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இருபது கிராம் குட்டிக்கு ஒரு வேளைக்கு ஒரு மில்லி. எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு. பசும்பாலை வீட்டில் வைத்துக்கொண்டே இவர் நாய்க்குட்டிக்கான பால் பவுடரை வாங்குவதற்குக் காரணம் உண்டு. அணில்பாலில் கொழுப்பும் புரதமும் மிக அதிகம். பசும்பால் அதற்கு ஈடாகாது. அதிலுள்ள சர்க்கரை குட்டியின் குடலுக்கு ஒத்துக்கொள்ளாமல் கழிச்சலில் கொண்டுபோய் விடும். பவுடர் கிடைக்காத இரவில் மட்டும் ஆட்டுப்பால். எதுவானாலும் முதல் நாள் ரொம்பத் தண்ணியாக, பிறகுதான் மெல்லக் கெட்டியாக. கழிச்சல் கண்டால் மறுபடி ஓஆர்எஸ், மறுபடி தண்ணிப்பால்.

ஊசி கழற்றிய ஒரு மில்லி சிரிஞ்சின் நுனியில் சைக்கிள் வால்வ் டியூப் அரை அங்குலம். இதுதான் காம்பு. பல் முளைத்த குட்டி இதைக் கடித்து விழுங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்க்கிறார். சிரிஞ்சின் உள்தண்டு நாலைந்து நாளில் பிடிக்க ஆரம்பிக்கும்; தள்ளினால் நகராது, திடீரென்று குதிக்கும். அந்தக் குதியலில் கால் மில்லி ஒரேயடியாகப் போனால் மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். "இதுக்கு மிச்சம் புடிக்கக் கூடாது" என்று பழைய சிரிஞ்சைத் தூக்கிப் போட்டார்.

குட்டியை மல்லாத்துவதே இல்லை. தாயின் வயிற்றைப் பற்றியிருப்பதுபோல் துணிமேல் குப்புற வைத்து, தலையை ஒரு விரலால் தாங்கிக்கொள்கிறார். சரியாகக் குடிக்கிற குட்டி முன்னங்கால்களால் சிரிஞ்சைக் கட்டிக்கொண்டு வெறியோடு உறிஞ்சும். பார்க்கிற நமக்கு மனசு நிறையும். அந்த நேரத்தில்தான் அக்கா சிரிஞ்சைப் பின்னால் இழுத்துவிட்டார். குட்டி காற்றில் வாயைத் தேடியது. எனக்குக் கொஞ்சம் கொடுமையாகக்கூடத் தெரிந்தது. விழுங்கி, மூச்சு விட்டு, மறுபடி வாய் திறக்கிறவரை அவர் கொடுக்கவில்லை. இந்த வேலையில் தேர்ச்சி என்பது கொடுப்பதில் இல்லை, நிறுத்துவதில் இருக்கிறது என்பது அவருடைய கையைப் பார்த்தபோதுதான் புரிந்தது. பாசக்காரர்கள் கையில்தான் குட்டிகள் அதிகம் சாகின்றன.

மூக்கில் பால் குமிழ் வந்தால் அந்த வேளை அதோடு முடிந்தது. தலையைக் கீழே சாய்த்து, மூக்கைப் பஞ்சால் ஒற்றி எடுத்து, மூச்சு சீராகும்வரை காத்திருக்க வேண்டும். அடுத்த நாள் குட்டியைக் காதோரம் வைத்துக் கேட்கிறார். மூச்சோடு சொடக்குச் சத்தம் வந்தால் நுரையீரலில் சளி கட்டிவிட்டது. அப்புறம் வீட்டு வைத்தியம் கிடையாது. கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். கடலூர்க்காரர்களில் சிலர் பாண்டிச்சேரி குரும்பாப்பேட்டில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிவரை கொண்டுபோகிறார்கள். இருபது கிராம் உடம்புக்கு மருந்தளவு சொல்வது மாடு பார்க்கிற மருத்துவருக்கும் எளிதல்ல.

சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் ஓரமாகக் குட்டிகளை வளர்க்கிற அண்ணன் வேறு விதம். ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர். எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறவர். அவர் பெட்டி வைத்திருக்கும் முக்காலியின் கால்கள் மூன்றும் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்குச்சிகளில் நிற்கின்றன. பால் வாடைக்கு எறும்பு வந்தால் ஒரே ராத்திரியில் குட்டி போய்விடும்.

குடிக்க மறுக்கும் குட்டிகள் அவருடைய தனிப் பாடம். அவர் சொன்ன காரணங்கள்: பால் ஆறியிருக்கும், திடீரென்று கெட்டியாக்கியிருப்போம், பழைய பால் மூக்கில் காய்ந்து அடைத்திருக்கும், விழுந்ததில் தாடை அடிபட்டிருக்கும். கண் திறந்தபிறகு வந்து சேர்ந்த குட்டி என்றால் எல்லாவற்றையும்விட முதல் காரணம் பயம். நம் முகத்தைப் பார்த்தாலே வாயை இறுக்கிக்கொள்ளும். அதைத் துணியில் சுற்றி, கண்ணை மறைத்து, உதட்டில் ஒரு சொட்டு வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். நாக்கு வெளியே வந்தால் அடுத்த சொட்டு. வரவில்லையென்றால் அரைமணி கழித்துத்தான். வாயைப் பிளந்து ஊற்றுவது அவர் அகராதியில் கிடையாது.

தட்டில் கடலோரத்தில் பொறுக்கிய வெள்ளை ஓடு ஒன்று கிடந்தது. கணவாய் ஓடு, சித்த மருத்துவக் கடையில் கடல்நுரை என்பார்கள். கடலூர் வெள்ளிக் கடற்கரையில் அலை ஒதுக்கிப் போடுவது. பல் வளர்ந்த குட்டிகள் கொறிக்கச் சுண்ணாம்புச் சத்து. கொய்யா, பீர்க்கங்காய், வேர்க்கடலை என்று பழகிப் பத்து வாரம் வாக்கில் பால் மறந்துவிடும்.

ராமர் தடவிக்கொடுத்த பிராணி, வீட்டில் இருந்தால் நல்லது என்று கேட்டு வருகிறவர்கள் சிதம்பரத்தில் நிறைய. பாலம் கட்டிய அணிலைத் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் பாடியிருக்கிறார், நடராசர் கோயிலுக்குள்ளேயே கோவிந்தராசர் சன்னதியும் இருக்கிறது, பக்திக்குக் குறைவில்லை. "ராமர் தடவிட்டு விட்டுட்டாருல்ல, கூண்டுலயா போட்டாரு?" என்று அண்ணன் அனுப்பிவிடுவார்.

மரத்தில் கட்டிய பெட்டியில் எப்போது விடுவது என்பதில்தான் அக்காவுக்கும் இவருக்கும் ஒத்துப்போகாது. பூனையைக் கண்டு ஓடுகிறவரை விடக்கூடாது என்பது அக்கா கட்சி. நம்மிடம் இருக்கும்வரை பூனைப் பயம் எப்படி வரும் என்பது இவர் கேள்வி. எனக்கு இவர் பக்கம்தான் நியாயமாகப் படுகிறது. ஆனால் இரண்டு பேரும் தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: மரத்தடியில் வைத்துப் பார்த்தீர்களா? மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்பது வெறும் நம்பிக்கை. கதகதப்பான பெட்டியில், பகலில், விழுந்த இடத்திலேயே வைத்து, நாயும் காக்காயும் அண்டாமல் தள்ளி நின்று பார்த்தால் தாய் வந்து கவ்விக்கொண்டு ஏறிவிடுகிற வாய்ப்பு நிறைய. நான் கிளம்பும்போதும் அண்ணனுக்கு அப்படி ஓர் அழைப்பு, காட்டுமன்னார்கோயிலிலிருந்து. எவ்வளவு பால் கொடுக்கலாம் என்று கேட்டது ஒரு பெண் குரல். "பால் இருக்கட்டும்மா. எந்த மரம், அதைச் சொல்லு" என்றார்.