தொண்ணூற்றேழரை மீட்டர்

எங்கள் புளியங்குடியில் வளர்ந்த ஆம்பிளை ஒருத்தன் ரோட்டில் ஓடினால் மூன்றே காரணம்தான் இருக்க முடியும். கிளம்பிவிட்ட பஸ், துரத்துகிற நாய், எதிரே வருகிற கடன்காரர். விடியற்காலையில் மட்டும் நாலாவதாக ஒன்று உண்டு: போலீஸ் செலக்‌ஷன். 1500 மீட்டரை ஏழு நிமிஷத்தில் முடிக்க வேண்டுமே என்று இளவட்டங்கள் பறப்பார்கள். முப்பத்து நாலு வயசில், முன்னால் கொஞ்சம் தொப்பையும் பின்னால் ரெண்டு நாயுமாக நான் ஓடி வந்தபோது டீக்கடை அண்ணாச்சி குழம்பிவிட்டார்.

"என்ன தம்பி, எஸ்.ஐ. பரீட்சையா?"

"இல்ல அண்ணாச்சி, சும்மாதான்."

"சும்மாவா?" வடை தட்டிய கை அப்படியே நின்றது. "வீட்ல எதுவும் பிரச்னையா?"

பிரச்னை வீட்டில்தான். அப்பாவுக்கு இருபது வருஷச் சர்க்கரை. எலுமிச்சை கமிஷன் கடையில் காலமெல்லாம் கணக்கெழுதியவர். காலில் சின்னதாக ஒரு புண் வந்தது. ரெண்டு விரலை எடுத்த பிறகுதான் ஆறியது. அதே வருஷம் எனக்கும் டெஸ்ட். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி, 6.2. அதாவது 5.7-லிருந்து 6.4 வரை வாசல்படி, 6.5-ஐத் தொட்டால் வீட்டுக்குள்ளே. பி.காம். படித்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? பத்திரம் இன்னும் எழுதவில்லை, வட்டி மட்டும் ஓட ஆரம்பித்துவிட்டது!

தசை உழைக்கும்போது இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளுமாம். "நடங்க. முடிஞ்சா ஓடுங்க" என்றார் டாக்டர்.

முதல் நாள் முடிந்தது ரெண்டு லைட் கம்பம். எட்டாவது மாதம் சிந்தாமணி தாண்டிப் போய்த் திரும்பினேன். கொல்லம் - திருமங்கலம் நெடுஞ்சாலையில் அந்த நேரத்துக்குக் கேரள லாரிகள்தான் துணை. மேற்கே மலை கறுப்பாகக் கூடவே வரும். திரும்பி வந்தால் திண்ணையில் அப்பா, மடியில் கமிஷன் கடைக் காலத்துப் பழைய பேரேடு. தேதி, தூரம், நேரம் மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்வார். கட்டுப் போட்ட காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். நானும் கேட்டதில்லை. அடுத்த டெஸ்டில் 5.9. இன்னும் வாசல்படிதான்; ஆனால் முகம் தெருப்பக்கம் திரும்பியிருந்தது.

அமைச்சராக இருந்த மா.சுப்பிரமணியன் நூறு அரை மாரத்தானுக்கு மேல் ஓடியவர் என்று அண்ணாச்சியிடம் எடுத்துச் சொன்னேன். "அவருக்குப் பின்னால காரு வரும். ஒனக்கு நாயில்லா வருது" என்றார்.

2025 ஜனவரி 5, ஞாயிறு, சென்னை மாரத்தான். புளியங்குடிக்கு ரயில் கிடையாது. சங்கரன்கோவில் போய் பொதிகையைப் பிடித்து, சென்னையில் இறங்கி, நெஞ்சில் நாலு ஊக்கு போட்டு நம்பரைக் குத்திக்கொண்டு, இருட்டோடு எலியட்ஸ் கடற்கரையில் நின்றேன். சுற்றிலும் ஆயிரக்கணக்கான பேர். ஒருத்தர்கூட ஏன் ஓடுகிறாய் என்று கேட்கவில்லை! அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

அரை மாரத்தான் என்றால் 21 கிலோமீட்டர், அப்புறம் ஒரு தொண்ணூற்றேழரை மீட்டர். அது எதற்கு என்கிறீர்களா? 1908 லண்டன் ஒலிம்பிக்ஸில் விண்ட்ஸர் கோட்டையில் கிளம்பி, ஸ்டேடியத்தில் அரச குடும்பத்து மாடத்துக்கு எதிரே முடிகிற மாதிரி 42.195 கிலோமீட்டர் ஓடவிட்டார்கள். 1921-ல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். அதில் சரிபாதி நம் தலையில். ராணியம்மா நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டிருந்தால் எனக்குத் தொண்ணூறு மீட்டர் மிச்சம்.

இந்தத் தூரத்தை எத்தியோப்பியாவின் யோமிஃப் கெஜெல்சா 2024 அக்டோபரில், ஸ்பெயினின் வலென்சியாவில், 57 நிமிஷம் 30 விநாடியில் முடித்தார். மணிக்கு 22 கிலோமீட்டர். எங்கள் மார்க்கெட் ரோட்டில் டவுன் பஸ்கூட அந்த வேகம் போகாது.

நான் பிடித்தது வேறு பஸ். இத்தனை மணிக்கு முடிப்பேன் என்று எழுதிய கொடியோடு சிலர் நிதானமாக ஓடுவார்கள், பின்னாலேயே ஒட்டிக்கொள்ளலாம். ரெண்டரை மணிக் கொடிக்குப் பின்னால் பதினாறு கிலோமீட்டர் வரை சுகமாகப் போயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெளிச்சம் வந்தது. கூடவே புழுக்கம். நெல்லைச் சீமை வெயில் சுடும், ஒப்புக்கொள்கிறேன். சென்னை வெயில் அவித்தே எடுத்துவிடும். வழியில் ஒரு பையன் உப்புத் தொட்ட எலுமிச்சைத் துண்டு நீட்டினான். 2025-லேயே புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரன் இல்லையா, மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டேன். நம்ம ஊர்ப் பழம் இல்லை.

பதினேழில் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. கொடி மெல்ல மெல்லத் தள்ளிப்போய், ஒரு வளைவில் காணாமல் போயிற்று. வலது கட்டைவிரல் நகத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஊசி குத்தியது. நின்றுவிடலாம் என்று தோன்றியது. ஷூவுக்குள்ளேயே விரல்களை ஒவ்வொன்றாக அசைத்து எண்ணிப் பார்த்தேன். பத்தும் இருந்தன. வலித்தன. அப்பாவுக்குப் புண் வந்தபோது வலிக்கவே இல்லையாம். அதனால்தான் தெரியாமலே போயிற்று. சர்க்கரை முதலில் திருடுவது வலியைத்தான்.

நிற்காமல் போனேன். ரெண்டு மணி முப்பத்தெட்டு நிமிஷம். கழுத்தில் ஒரு மெடலை மாட்டி, கையில் வாழைப்பழம் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலை சங்கரன்கோவிலில், ரயில் படியில் ஏணி இறங்குகிறவன் மாதிரி பின்பக்கமாக இறங்கி, பஸ் மாறி வீடு வந்து சேர்ந்தேன். திண்ணையில் அப்பா மெடலை வாங்கி உள்ளங்கையில் எடை போட்டுப் பார்த்தார். பேரேட்டைப் பிரித்தார்.

"எவ்வளவுல?"

"இருபத்தோரு கிலோமீட்டர்ப்பா."

எழுதினார். "முழுசா இருபத்தொண்ணா?"

"தொண்ணூத்தேழரை மீட்டர் கூட இருக்கு. அது கிடக்கட்டும்..."

"எப்பிடில கிடக்கும்?" மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, புள்ளி வைத்து, மிச்ச எண்களையும் எழுதினார். "சில்லறைய விட்டா கணக்கு டேலி ஆவுமா?"