ஒன்றுபோல் இருப்பதெல்லாம் நகல் அல்ல

போன மாதம் என் கம்ப்யூட்டர் 'இனி இடமில்லை' என்று கைவிரித்துவிட்டது. பேரன் வந்து பார்த்தான். "ஒரே போட்டோவ நாலு இடத்துல வச்சிருக்கீங்க தாத்தா" என்றான். உண்மைதான். கேமராவிலிருந்து ஒரு தடவை, பென் டிரைவிலிருந்து ஒரு தடவை, தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் இன்னும் இரண்டு தடவை ஏற்றியிருந்தேன்.

டூப்குரு என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். ஃபைலின் பெயரை வைத்தும், உள்ளடக்கத்தை வைத்தும், படத்தின் சாயலை வைத்தும் அது நகல்களைத் தேடித் தரும்.

முதலில் பெயரை வைத்துத் தேடினேன். ஒரே எண்ணுள்ள படங்கள் ஜோடி ஜோடியாக வந்தன. நல்லவேளை, திறந்து பார்த்தேன். ஒன்று மாஞ்சோலை, மற்றொன்று பேத்தியின் காதுகுத்து! இரண்டு கேமராக்களும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியதால் வந்த குழப்பம்.

உள்ளடக்கத் தேடல்தான் நம்பிக்கையானது. முதலில் ஃபைல்களின் அளவைப் பார்க்கும். அளவு ஒத்துப்போனால் ஒவ்வொன்றுக்கும் கைரேகை மாதிரி ஒரு குறியீட்டைக் கணக்கிட்டு ஒப்பிடும். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் குறியீடு மாறிவிடும். அப்படிச் சிக்கியவற்றை யோசிக்காமல் நீக்கினேன்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆசை விடவில்லை. சாயலை வைத்தும் தேடி, வந்ததையெல்லாம் டிக் செய்து குப்பைத்தொட்டிக்கு அனுப்பினேன்.

மறுவாரம் பழைய நண்பர் ஒருவர் போன் செய்தார். நாலுமுக்கில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அம்மா ஆயுசு முழுக்க அங்கே கொழுந்து பறித்தவர், இப்போது இல்லை. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருடக் குத்தகைக்கு விட்ட மலை அது. குத்தகை முடிய 2028 வரை இருக்க, 2024-லேயே தோட்ட வேலை நின்று குடும்பங்கள் மலையை விட்டு இறங்க வேண்டியதாயிற்று.

"அண்ணாச்சி, லயன் வீட்டு வாசல்ல அம்மா நிக்கிற படம் இருக்கும்லா? நீங்க வாட்ஸ்அப்ல அனுப்புனத ஸ்டுடியோவுல குடுத்தேன். பெருசாக்குனா கலங்குதுங்காவ."

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். அசல் வேண்டும். பதறிப்போய்க் குப்பைத்தொட்டியைத் திறந்தேன். காலி செய்யாமல் விட்டிருந்த சோம்பேறித்தனம் காப்பாற்றியது. அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்கள். ஒன்றில் அந்த அம்மா விறைப்பாக நிற்கிறார். அடுத்ததில் மகன் ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரிக்கிறார். மென்பொருளுக்கு இரண்டும் ஒன்று. நான் தள்ளியது சிரித்த படத்தை.

இரண்டையும் டாக்குமெண்ட்டாக அனுப்பினேன். அப்படி அனுப்பினால் சுருங்காது. நண்பர் சிரித்த படத்தைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

ஆபீசில் எல்.டிஸ். என்றால் ஒரு வருடம், கே.டிஸ். மூன்று, டி.டிஸ். பத்து, ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம் என்று முடிவு போட்ட பிறகுதான் கட்டு ரிக்கார்டு ரூமுக்குப் போகும். கெடு முடியாமல் ஒரு தாளைக் கிழிக்க முடியாது. அத்தனை வருடம் அதைச் செய்தவன், வீட்டில் ஒரே கிளிக்கில் ஆர்.டிஸ். கட்டைக் குப்பையில் போட்டேன்.

ஆகவே நண்பர்களே, கைரேகை ஒத்தால் நீக்குங்கள். சாயல் மட்டும் ஒத்தால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். குப்பைத்தொட்டியை ஒரு மாதமாவது காலி செய்யாதீர்கள்.