மழை கரைக்காத எழுத்து

ஐப்பசி பிறந்துவிட்டால் மாயவரத்தில் எந்தப் பள்ளிக்கூடப் பையும் உலர்ந்திருக்காது. 1977-இல் நான் ஆறாம் வகுப்பு. அந்த வருஷம்தான் பென்சிலை விட்டுவிட்டுப் பேனா பிடித்தோம். பால்பாயிண்டில் எழுதினால் கையெழுத்து கெட்டுப்போகும் என்று வாத்தியார்கள் உறுதியாக இருந்தார்கள். அதனால் எல்லோருக்கும் நிப்புப் பேனா, எல்லோர் வீட்டு மாடத்திலும் ஒரு பிரில் இங்க் புட்டி. வகுப்பில் மை தீர்ந்தால் பக்கத்தில் இருப்பவள் பேனாவிலிருந்து நாலு சொட்டு கடன் வாங்கிக்கொள்வோம். சொட்டு சிந்தினால் சாக்பீஸை உருட்டி ஒற்றி எடுப்போம். பைக்குள் மழை இறங்கினால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு மாசம் எழுதிய பாடம் ஊதாத் திட்டாகிவிடும்.

அப்படி நனைந்த நோட்டோடு ஒருநாள் சாயங்காலம் பெரியப்பாவின் அச்சகத்தில் போய் நின்றேன். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்று காலையில் அடித்த கோயில் திருவிழா நோட்டீஸ் ஒன்றை எடுத்து வாளித் தண்ணீரில் முக்கி, தூக்கிப் பிடித்தார். தாள் தொளதொளவென்று தொங்கியது. எழுத்து ஒன்றுகூட அசையவில்லை.

"உன் இங்க் தண்ணியில பொறந்தது பாப்பா. தண்ணி கூப்பிட்டா அதோட போயிடும். இது எண்ணெயில பொறந்தது."

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டால் நேராக அச்சகம்தான். அங்கே இருந்த மை, மையாகவே எனக்குத் தெரியவில்லை. ஊற்ற முடியாது. தகர டப்பாவிலிருந்து கத்தியால் வழித்து எடுக்க வேண்டும். எடுத்தால் நூல்விட்டுக்கொண்டு வரும். ஆளிவிதை எண்ணெயைப் பதமாகக் காய்ச்சி, அதில் புகைக்கரியை அரைத்துச் சேர்த்துச் செய்வது அது. எழுதும் மையில் தண்ணீர் ஆவியாகிப் போக, சாயம் தாளில் தங்குகிறது. அச்சு மையில் கொஞ்சம் எண்ணெயைத் தாள் உறிஞ்சும். மிச்சம் காற்று பட்டுப் பட்டு இறுகித் தோலாகிவிடும். அதனால்தான் அடித்த தாள்களை உடனே அடுக்கக் கூடாது. அடுக்கினால் ஒன்றின் எழுத்து மற்றதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அச்சகத்தில் எந்நேரமும் தாள்கள் பரப்பிக் கிடந்ததற்குக் காரணம் அதுதான்.

மெஷின் என்பது காலால் மிதிக்கிற ட்ரெடில். மேலே ஒரு வட்டத் தட்டு. அதில் மையைத் தடவி விடுவார்கள். ஒவ்வொரு மிதிக்கும் தட்டு கொஞ்சம் திரும்பும். ரோலர்கள் தட்டின்மேல் உருண்டு மையை எடுத்துக்கொண்டு, கீழே இறங்கி ஈய எழுத்துகளின் முகத்தில் பூசிவிட்டு மேலே போகும். அந்த இடைவெளியில் மெஷின்மேன் அண்ணன் வலது கையால் புதுத் தாளை வைப்பார், இடது கையால் அடித்த தாளை எடுப்பார். ஒரு நொடி தப்பினால் விரல் நசுங்கும். பேசிக்கொண்டே அதைச் செய்தவர் அவர்.

ரோலர்களைச் செய்ததும் அங்கேயேதான். வஜ்ஜிரத்தையும் வெல்லப்பாகையும் சேர்த்துக் காய்ச்சி, இரும்புக் குழாய்க்குள் ஊற்றி ஆற வைப்பார்கள். சித்திரை வெயிலில் அது இளகி வழவழவென்று ஆகிவிடும், எழுத்தின்மேல் மை திட்டுத்திட்டாக விழும். அதனால் கோடையில் விடியற்காலை நாலு மணிக்கே மிதிக்க ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார்கள். வெல்ல வாசனைக்கு எலி வரும் என்று ராத்திரி ரோலர்களைப் பெட்டிக்குள் நிறுத்திப் பூட்டி வைத்தார்கள்.

முகூர்த்த மாசங்களில் தட்டு முழுக்கச் சிவப்பு. கல்யாணப் பத்திரிகைக்கு வேறு நிறம் ஆகாது. வசதியானவர்கள் பொன்னெழுத்து கேட்பார்கள். அதற்கு மஞ்சள் மையில் அடித்து, ஈரம் காயுமுன் பஞ்சால் பித்தளைப் பொடியைத் தூவித் துடைக்க வேண்டும். பஞ்சு பிடிக்கும் வேலை எனக்குக் கிடைக்கும். முகமெல்லாம் மினுமினுப்போடு வீட்டுக்குப் போவேன்.

ஆனால் சாவு முகூர்த்தம் பார்த்து வருவதில்லை. சிவப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது கருமாதிப் பத்திரிகை அடிக்க ஆள் வந்து நிற்பார். கல்யாண வேலையை அப்படியே நிறுத்திவிடுவார்கள். தட்டையும் ரோலரையும் மண்ணெண்ணெய்த் துணியால் ஒருதடவை துடைத்துக் கறுப்பை ஏற்றிவிடலாம். கறுப்புக்குள் கொஞ்சம் சிவப்பு கிடந்தால் தெரியாது. திரும்பக் கல்யாணத்துக்கு வரும்போதுதான் பாடு. மூன்று தடவை, நாலு தடவை கழுவுவார்கள். வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்து, அதில் சாம்பல் நிறம் தட்டுகிறதா என்று பெரியப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். துளிக் கறுப்பு இருந்தாலும் சிவப்பு மங்கிவிடும். கல்யாண வீட்டுக்காரர்கள் யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்காத விஷயத்துக்காக ஒரு மனிதர் அவ்வளவு மெனக்கெட்டதைப் பார்த்து வளர்ந்தது என் பாக்கியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா என்னையும் என் அண்ணனையும் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போனார். சீகன்பால்கு 1706-இல் கப்பலில் வந்து இறங்கிய ஊர். 1712-இல் அங்கே அச்சு இயந்திரம் வந்தது. அடுத்த வருஷம் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. அவை பெரிய எழுத்துகள், தாளைத் தின்றன. அதனால் சின்ன எழுத்துகளை அங்கேயே வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார்கள். பெரியப்பா சர்ச்சைக் காட்டினார், கோட்டையைக் காட்டினார். பிறகு கடலைப் பார்த்து நின்றுகொண்டு, "இந்த உப்புக் காத்துல தாள் எப்படி ஊறியிருக்கும், எழுத்து எப்படிக் களிம்பேறியிருக்கும், எப்படித்தான் சமாளிச்சாங்களோ" என்றார். தொழில்காரருக்கு வரும் கவலை அது. அவருக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்த இருநூற்றைம்பது வருஷம் அந்த நேரத்தில் அவர் கணக்கிலேயே இல்லை.

அண்ணனுக்கு மோகம் வேறு மையில். பெரியப்பா வீட்டில் விகடனிலிருந்து பிரித்துத் தைத்த சில்பியின் கோயில் சிற்பப் படங்கள் இருந்தன. அவற்றைப் பார்த்து அவன் இந்தியன் இங்க்கில் வரைவான். அதுவும் புகைக்கரிதான். ஆனால் அரக்கு சேர்ந்திருப்பதால் காய்ந்தபின் தண்ணீருக்கு மசியாது. ஒரு தூணின் நிழலுக்கு நூறு கோடு இழுப்பான். கோடு ஒன்று பிசகினால் படமே போச்சு, அழிக்க வழியில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பான்.

எனக்கு எந்த மையைப் பார்த்தாலும் தண்ணீரில் போகுமா, போகாதா என்பதே கேள்வியாகிவிட்டது. சலவைக்குப் போய்வரும் துணி மூலையில் சேங்கொட்டைச் சாற்றால் இட்ட குறி எத்தனை வெள்ளாவிக்கும் போகாது, துணி கிழிந்தாலும் குறி இருக்கும். அந்த வருஷம் மார்ச்சில் பாராளுமன்றத் தேர்தல், ஜூனில் சட்டசபைத் தேர்தல். மார்ச்சில் அம்மாவின் விரலில் வைத்த மை நகத்தோடு வளர்ந்து நுனிக்கு வந்த சமயத்தில் மறுபடி ஒரு புள்ளி. மைசூரில் செய்யும் மை அது, 1962 தேர்தலிலிருந்து வைக்கிறார்கள். அதில் இருக்கும் வெள்ளி உப்பு தோலின் உப்போடு சேர்ந்து வெளிச்சத்தில் கறுத்துப்போகிறது. அம்மா புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தாள், சீயக்காய் போட்டுப் பார்த்தாள். பாட்டி ஓட்டுப் போட்டுவிட்டு வந்தபோது இரண்டு விரலில் மை இருந்தது. ஒன்று ஓட்டு மை, இன்னொன்று கட்டைவிரல் ரேகை வைத்த மை. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

நவம்பர் 12 விடியலில் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் புயல் கரையேறியது. எங்கள் பக்கமும் மரங்கள் சாய்ந்தன. அச்சகத்தின் ஓடுகள் பறந்து, உள்ளே முழங்காலளவு தண்ணீர். ஈய எழுத்துகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேஸ்களைக் கவிழ்த்து, மண்ணெண்ணெயில் அலசி உலர்த்தினோம். ரோலர்கள் ஊறிக் கூழாகிவிட்டன, திரும்ப வார்க்க வேண்டியதாயிற்று. பெரியப்பாவின் கணக்கு நோட்டைத் திறந்தபோது, யார் யார் எவ்வளவு பாக்கி என்று அவர் பேனாவால் எழுதி வைத்திருந்தது மொத்தமும் நீலத் தண்ணீராக வழிந்தது. அதே அலமாரியில் தாத்தா கைப்பட எழுதிய பழைய குத்தகைக் கணக்கும் நனைந்திருந்தது. அதில் ஓர் எழுத்தும் போகவில்லை. இரண்டொரு இடத்தில் மை தாளை அரித்துக் கோடு மட்டும் பொத்தலாகியிருந்தது. பொத்தலையும் படிக்க முடிந்தது.

"அது கடுக்காய் மைடா" என்றாள் பாட்டி. "நான்தானே காய்ச்சிக் குடுப்பேன்."

மறுநாளே காய்ச்சினாள். கடுக்காயை உடைத்துக் கொட்டையை நீக்கி, தோலை இடித்து ராத்திரி முழுக்க ஊற வைத்தாள். காலையில் மண்சட்டியில் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, துணியில் வடிகட்டினாள். பழுப்பு மஞ்சளாக, கஷாயம் மாதிரி இருந்தது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அன்னபேதியைப் பொடித்து ஒரு சிட்டிகை போட்டாள். இளம்பச்சைத் தூள் விழுந்த இடத்திலிருந்து கறுப்பு கிளம்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சட்டி முழுக்கப் பரவியது. கருவேலம் பிசினைக் கரைத்து ஊற்றினாள். பெரியப்பா நிப்பைத் தொட்டு எழுதியபோது எழுத்து சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்தது. "அவசரப்படாதே, நாளைக்குப் பாரு" என்றாள். மறுநாள் அது கன்னங்கரேலென்று கறுத்திருந்தது.

பாக்கிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் கணக்கைத் தாங்களே சொன்னார்கள். பெரியப்பா அதைப் புது நோட்டில் பாட்டியின் மையால் எழுதினார். நாற்பத்தேழு ரூபாய், கல்யாணப் பத்திரிகை. பன்னிரண்டு ரூபாய், கருமாதி. அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. மை கொஞ்சம் பழுப்பேறியிருக்கிறது, ஆனால் ஒவ்வொரு வரியையும் தெளிவாகப் படிக்க முடிகிறது. பாதிக்கு மேல் வரிகளுக்கு எதிரே, அதே மையில், 'வந்தது' என்று பெரியப்பா எழுதியிருக்கிறார்.